தானாக விழும் கேமராக்கள்

ரிப்பேர் கடைக்கு வருகிற கேமராக்களில் ஒன்றைக்கூட மனிதன் கீழே போட்டதில்லை. எல்லாம் தானாக விழுந்தவை. மேசைமேல் சும்மா இருந்ததாம், விழுந்துவிட்டதாம். பைக்குள் பத்திரமாக இருந்ததாம், பை தானே வாயைத் திறந்துகொண்டதாம். கேமராவுக்குக் கையும் காலும் முளைத்து, வாழ்க்கை வெறுத்துப்போய், மாடியில் இருந்து குதித்துச் சாகப் பார்த்த மாதிரி கதை சொல்வார்கள். வாங்கும்போது கடைக்காரனை நிற்கவைத்து உயிரை எடுக்கிற அளவுக்குக் கேள்வி கேட்கத் தெரியும். அதன் வாரை எடுத்து ஒழுங்காகக் கழுத்தில் மாட்டிக்கொள்ளத் துப்பு கிடையாது.

இந்தக் கதைகளையே நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, அந்த ரிப்பேர்காரருக்கு மனுஷப் பயல்கள்மேல் இருந்த நம்பிக்கை அடியோடு போய்விட்டது. போனதில் அவருக்கு வருத்தமும் இல்லை. யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் விசாரணைதான்.

"எங்க விழுந்துச்சு?"

"வீட்ல சார்."

"வீட்ல எங்க?"

"ஹால்ல. சோபா மேல இருந்து..."

"சோபா மேல இருந்து விழுந்ததுக்கு விளிம்புல ஜல்லிக்கல்லு எப்படி சொருகிச்சு? உங்க ஹாலுக்குத் தார் ரோடு போட்டிருக்கா?"

ஆள் தரையைப் பார்ப்பான். இவர் இடுக்கியால் கல்லை எடுத்து, அவன் உள்ளங்கையில் வைத்து அனுப்புவார். அதனால்தான் அவருக்கு 'விசாரணை' என்று பெயர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயரை அவருடைய மனைவிகூட மறந்திருப்பாள்.

கடை, பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. இரண்டு பேர் உரசாமல் போகிற அளவுக்கு நடுவில் ஒரு நடை. இரண்டு பக்கமும் கண்ணாடித் தடுப்பு போட்ட சின்னச் சின்ன அறைகள். செல்போன் பார்க்கிறவர், கைக்கடிகாரக்காரர், சாவி வெட்டுகிறவர், அவர்களுக்கு நடுவில் எதிரும் புதிருமாக இரண்டு கேமரா ரிப்பேர் கடைகள். விசாரணையின் கடையில் முன்பக்கம் அவர் மனைவி உட்கார்ந்து சாமான்களை வாங்கிச் சீட்டுக் கட்டுவாள். தடுப்புக்குப் பின்னால் அவர். எதிர்க்கடையில் இருந்தவருக்கு 'ஊதுகுழல்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்ததும் விசாரணைதான். லென்ஸில் தூசி என்றால் ரப்பர் பந்தை எடுத்து அமுக்கி ஊத வேண்டும். அந்த ஆள் வாயாலேயே ஊதுவார். "கண்ணாடியத் தொடைக்கிறானா, குளிப்பாட்டுறானா?" என்று விசாரணை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அந்த நடையில் ஒரு வழக்கம் இருந்தது. அடிபட்ட லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி மயிரளவு சாய்ந்தாலே போதும், படத்தில் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் தூங்கி எழுந்தவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியும் இருக்கும். அதை நிமிர்த்த, கோடு கோடாக அச்சடித்த அட்டையைச் சுவரில் ஒட்டி, கடையின் மேசைக் கேமராவில் லென்ஸை மாட்டி, சின்னத் திரையில் நாலு மூலையும் ஒரே மாதிரி தெரிகிறவரை திருகாணிகளை முடுக்கியும் தளர்த்தியும் உட்கார்ந்திருக்க வேண்டும். முடிந்ததும் அந்த லென்ஸை எதிர்க்கடை மேசைக் கேமராவில் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆளிடம் கொடுப்பது. இவர் லென்ஸ் அங்கே போகும், அவர் லென்ஸ் இங்கே வரும். யாரும் இதற்குக் கூலி கேட்டதில்லை.

விசாரணைதான் அதை நிறுத்தினார். மாட்டிப் பார்க்கிற சாக்கில் ஊதுகுழல் இவருடைய ஆட்களிடம் பல்லைக் காட்டிப் பேசி இழுத்துக்கொள்கிறார் என்று ஒரு சந்தேகம். சந்தேகம் வந்தால் அவருக்குச் சாட்சி தேவையில்லை.

"எச்சி பட்ட மேசைக்கு இனிமே என் லென்ஸு வராது" என்று நடையில் நின்று அறிவித்துவிட்டார்.

"வராட்டி போ. உன் மேசைய நீயே கட்டிக்கிட்டு அழு" என்றார் ஊதுகுழல்.

அதோடு முடிந்தது.

அதற்குப் பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. விசாரணையிடம் லென்ஸைச் சரிசெய்து வாங்கிப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வர ஆரம்பித்தார்கள். வலது பக்கம் மங்கலாக இருக்கிறது என்பார்கள். இவர் வாங்கித் தன் கேமராவில் மாட்டிப் பார்ப்பார். நாலு மூலையும் கண்ணாடி மாதிரி இருக்கும். அப்படியானால் என்ன அர்த்தம்? லென்ஸில் கோளாறு இல்லை, அவனுடைய கேமராவில் கோளாறு. லென்ஸ் விழுந்தபோது கேமராவும் விழுந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு, பழியை ரிப்பேர்காரன் தலையில் கட்டப் பார்க்கிறான். ஒருவர் இருவர் அல்ல, வந்தவன் எல்லாம் இப்படி மறைத்தான். ஊரே கூடிப் பேசிவைத்துக்கொண்டு பொய் சொல்ல வேண்டுமானால், சொல்லக்கூடிய ஊர்தான் இது என்று அவர் நினைத்தார். வேறு ஏதாவது காரணம் இருக்குமோ என்று நினைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அந்த மாதிரிப் பழக்கம் எல்லாம் ஏமாளிகளுக்கு.

இந்த நேரத்தில்தான் அவருடைய கொழுந்தியா லென்ஸைக் கொண்டுவந்தாள்.

கொழுந்தியா என்றால் மனைவியின் கூடப்பிறந்த தங்கை. ஓட்டப் பந்தயம், பந்தாட்டம் என்று மைதானம் மைதானமாக அலைந்து ஒரு பத்திரிகைக்குப் படம் எடுத்துக் கொடுப்பவள். முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் வைத்திருந்தாள். அதுதான் அவள் பிழைப்பு. அதன் முன்விளிம்பு நசுங்கி, வளையம் திரும்பாமல் இறுகிக் கிடந்தது.

"மாமா, நான்தான் போட்டேன். மைதானத்துல படி இறங்கும்போது முழங்காலு இடிச்சுக் கைய விட்டுப் போச்சு. லென்ஸ் மட்டுந்தான். கேமரா அப்ப அக்குள்ல இருந்துச்சு."

விசாரணை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத் தொழிலில் 'நான்தான் போட்டேன்' என்று ஒரு வாய் சொல்லி அவர் கேட்டதில்லை. உடனே சந்தேகம் வந்துவிட்டது.

"யாரக் காப்பாத்தப் பாக்குற?"

"என்ன மாமா?"

"உன் வீட்டுக்காரன் போட்டானா?"

"அவருக்கு லென்ஸு எது, டீ பிளாஸ்க்கு எதுன்னே தெரியாது. அவரத் தொடவே விடமாட்டேன்."

முன்னால் இருந்து மனைவி குரல் கொடுத்தாள். "அவ சொல்றது உண்மைங்க. போன தடவ அதுல தண்ணி ஊத்தப் பாத்தாரு."

நசுங்கின விளிம்பை உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி வட்டமாக்கினார். இறுகின வளையத்தைக் கழற்றி நேராக்கினார். சாய்ந்திருந்த கண்ணாடியைத் தன் மேசைக் கேமராவில் மாட்டி நிமிர்த்தினார். வேலையைக் குறை சொல்ல முடியாது. ஆளைச் சொல்லலாம், கையைச் சொல்ல முடியாது. "புதுசு தோத்துப் போகும், போ" என்று கொடுத்தனுப்பினார்.

ஒரு போட்டி முடிந்ததும் அவள் திரும்பி வந்தாள். முகம் சரியில்லை. கேமராவின் திரையை நீட்டினாள். ஓட்டப் பந்தயத்தின் முடிவுக் கோடு. இடது பக்கம் ஓடிவந்தவனின் மூக்கில் நிற்கிற வேர்வைகூடத் தெரிந்தது. வலது ஓரத்தில் மார்பால் நாடாவைத் தள்ளிக்கொண்டு போகிறவனுக்கு முகமே இல்லை. பிசைந்த களிமண்.

"நாலாவதா வந்தவன் சிலை மாதிரி நிக்கறான் மாமா. ஜெயிச்சவன் எங்கன்னு ஆபீஸ்ல கேக்கறாங்க. சனிக்கிழம இறுதிப் போட்டி. இன்னொரு தடவ இப்படின்னா வேற ஆளப் போட்டுக்கறோம்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டாங்க."

லென்ஸை வாங்கி மேசைக் கேமராவில் மாட்டினார். நாலு மூலையும் பளிச்.

"லென்ஸுல ஒண்ணும் இல்ல" என்றார். "உன் கேமராவும் விழுந்திருக்கு. மறைக்கற."

"விழலன்னு சொன்னேனே மாமா."

"எல்லாரும்தான் சொல்றான்."

"அப்ப என் கேமராவ அளந்து பாருங்க."

"அளக்கறதுக்கு என்ன இருக்கு? இங்க தெளிவாத் தெரியுது, உன்கிட்ட தெரியல. எது கோணல்னு சின்னப் புள்ளகூடச் சொல்லும். சொந்தம்கிறதால விட்டுட்டுப் போ, பாத்துத் தரேன். ஆனா பொய் சொல்லாத. பொய்க்காரிக்கு எல்லாம் நான் ராத்திரி பகலாக் கண்ணு வலிக்க வேல பாக்க முடியாது."

அவர் குரல் சாதாரணமாகவே நடைக்குக் கேட்கும். இதுவும் கேட்டது. சாவி வெட்டுகிற இயந்திரம் நின்றது. கடிகாரக்காரர் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியோடு தலையைத் திருப்பினார். கொழுந்தியா லென்ஸைக் கழற்றிப் பையில் போட்டாள். அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்றைக்கு நின்றது மனைவியின் பேச்சு. சண்டை போட்டால் பதிலுக்குச் சண்டை போடலாம். இது வேறு மாதிரி. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்கள் வழியாகப் பேசினாள்.

"அக்கா, என் கேமரா ரெடியா?" என்று ஒருவன் கேட்பான்.

"தெரியலப்பா. உள்ள ஒருத்தரு இருக்காரு. எல்லாம் தெரிஞ்சவரு. அவரக் கேளு."

விசாரணை இதையும் சதி என்றே எடுத்துக்கொண்டார். அக்கா தங்கச்சி ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒன்றாகத்தான் சேருவார்கள்.

வியாழக்கிழமை பகலில் கொழுந்தியா மறுபடி மாடியேறி வந்தாள். இவர் கடைக்கு வரவில்லை. தலையைக்கூடத் திருப்பாமல் நேராக எதிர்க்கடைக்குள் போனாள். விசாரணையின் கையில் இருந்த திருப்புளி அப்படியே நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஊதுகுழல் அவள் லென்ஸை வாங்கி, கன்னத்தை உப்பி, புஸ் என்று ஒரு ஊது ஊதினார். ஊதுகுழல் லென்ஸைத் தன் மேசைக் கேமராவில் மாட்டினார். திரையைப் பார்த்தார். அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி இவரைப் பார்த்தார்கள்.

அதற்குமேல் உட்கார அவரால் முடியவில்லை. நடையைத் தாண்டிப் போனார்.

"என்னய்யா பாக்குறீங்க?"

"வலது பக்கம் புகை மாதிரி இருக்கு" என்றார் ஊதுகுழல். "என் கேமராவுலயும் அப்படித்தான், பொண்ணு கேமராவுலயும் அப்படித்தான்."

"உன் கேமராவும் கோணல்."

"யோவ், ரெண்டு கேமரா ஒரு பக்கம் சொல்லுது. உன்னுது ஒண்ணு ஒரு பக்கம் சொல்லுது."

"ரெண்டு பேரு சேந்து பொய் சொன்னா அது உண்மையாயிடுமா?"

கொழுந்தியாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அது அவர்கள் குடும்பத்து வழக்கம்.

"மாமா, நாளன்னிக்குப் போட்டி. எனக்கு யாரு பொய்யி, யாரு நிசம்னு தீர்ப்பு வேணாம். மூணு கேமராவையும் அளங்க. எது கோணலோ அது கோணல்."

"அளக்கலாம்" என்றார் ஊதுகுழல். "உன்னுத நான் அளக்கறேன், என்னுத நீ அள."

"என் கேமராமேல நீ கை வச்சன்னா நடக்கறது வேற."

"அப்ப மூணையும் நீங்களே அளங்க" என்றாள் அவள்.

இதற்கு மறுப்புச் சொல்ல அவருக்கு வழி இல்லை. தன் கை, தன் கருவி, தன் கண். இதில் யார் ஏமாற்ற முடியும்? தன் கடைக்குள் போய், தன் மேசைக் கேமராவோடு, வட்ட முகமும் முள்ளும் வைத்த அளவுமானியை எடுத்து வந்தார். லென்ஸ் மாட்டுகிற உலோக வளையத்தில் இருந்து, உள்ளே படம் விழுகிற இடம் வரைக்கும் ஆழம் அளக்கிற சாமான் அது. மேலே, கீழே, இடம், வலம் என்று நாலு இடத்திலும் முள் ஒரே கோட்டில் நின்றால் கேமரா நேராக இருக்கிறது. ஒரு பக்கம் நகர்ந்தால் வளைந்திருக்கிறது. இதில் வாயால் பேசி மாற்ற ஒன்றும் கிடையாது.

முதலில் கொழுந்தியாவின் கேமரா. ஆசையோடுதான் அளந்தார். முள் நாலு இடத்திலும் ஒரே கோட்டில் நின்றது. இன்னொரு முறை அளந்தார். அதே கோடு.

"இது எப்பவோ நிமித்தி வாங்கியிருக்கு" என்றார்.

"நீங்க இல்லாம யாருகிட்ட மாமா நான் நிமித்துனேன்?"

அடுத்து ஊதுகுழலின் கேமரா. இதை அளக்கும்போது அவர் முகத்தில் ஒரு பிரகாசம் இருந்தது. முள் அசையவில்லை. அளவுமானியைத் தட்டிப் பார்த்தார். கேமராவைத் திருப்பி வைத்து அளந்தார். முள் அசைகிற எண்ணமே இல்லாத மாதிரி நின்றது.

"எச்சிலுக்கு ஒண்ணும் ஆகலியா?" என்று கேட்டார் ஊதுகுழல்.

கடைசியில் தன்னுடையது. தன் கேமராவைக் கடைசியாக எப்போது அளந்தார் என்று யாராவது கேட்டிருந்தால் அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது. அடுத்தவன் கேமராவை அளப்பதற்குத்தான் கருவி. தராசைப் போய் யாராவது எடை போடுவானா?

மேலே சரி. கீழே சரி. இடது பக்கம் சரி. வலது பக்கம் வைத்தபோது முள் நகர்ந்தது. அதிகம் இல்லை, ஒரு காகிதத்தின் கனம். அந்தக் காகிதக் கனத்துக்குத்தான் ஜெயிச்சவன் முகம் போனது.

எதிரே கடை முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அளவுமானி கெட்டுப்போச்சு" என்றார் விசாரணை.

"இந்தா, என்னுத வச்சுப் பாரு" என்று தன்னுடையதை நீட்டினார் ஊதுகுழல். எச்சில் பட்டிருக்குமோ என்று யோசிக்கக்கூட இவருக்குத் தோன்றவில்லை. வாங்கி அளந்தார். காகிதக் கனம். அதே வலது பக்கம்.

"இது எப்படி ஆச்சு?" என்றார், யாரையும் பார்க்காமல். "யாரு தொட்டா?"

மனைவியைப் பார்த்தார். அவள் அத்தனை நாளைக்குப் பிறகு முதல்தடவையாக நேராக அவரிடம் பேசினாள்.

"நான் உங்க மேசைப்பக்கம் துடைக்கக்கூட வர்றதில்ல. வந்தா எதையாவது எடுத்துருவேன்னு நீங்கதான கயிறு கட்டி வச்சிருக்கீங்க."

"நீதான்யா இடிச்ச" என்றார் ஊதுகுழல். "பறவை எடுக்கற ஆளு ஒருத்தரு பீரங்கி மாதிரி ஒரு லென்ஸு கொண்டாந்தாரே, ஞாபகம் இருக்கா? அத முட்டுக் கொடுக்காம கேமராவுல தொங்கவிட்டு மாட்டியிருந்த. அந்த நேரம் எனக்கு ஒரு ஆளு வந்தாரு. உன்கிட்ட வந்த ஆளோன்னு கழுத்தத் திருப்பிப் பாத்தியா, பாத்த வேகத்துல உன் முதுகு போயி லென்ஸு மேல இடிச்சுது. ஆடுன ஆட்டத்துல உன் ஸ்டாண்டே சாஞ்சுது. நீ அவரு லென்ஸ மட்டும் சாயங்காலம் வரைக்கும் தடவித் தடவிப் பாத்துட்டு, மாட்டியிருந்த கேமராவ விட்டுட்ட."

விசாரணைக்கு ஞாபகம் வந்தது. முதுகில் அந்த இடம்கூட ஞாபகம் வந்தது.

"பாத்தவன் அப்பவே ஏன்யா சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டார். அவர் மட்டும் என்ன, ஊதுகுழலும் பெரிய யோக்கியன் இல்லை. எதிர்க்கடைக்காரன் தராசு கோணியதைப் பார்த்துவிட்டு, வேடிக்கை எங்கேதான் போய் முடிகிறது பார்ப்போம் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது ஊரில் உள்ளவன் லென்ஸ் எல்லாம்.

"நாளன்னிக்குப் போட்டி" என்று மறுபடி சொன்னாள் கொழுந்தியா. "இங்க யாராவது எனக்கு இத சரிபண்ணித் தருவீங்களா, இல்ல நீங்க ரெண்டு பேரும் கண்ணாடி வழியா மொறச்சிக்கிட்டே இருக்கப் போறீங்களா?"

விசாரணையின் மேசையில் செய்ய முடியாது. கோணல் கேமராவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதை நிமிர்த்த வளையத்தையே மாற்ற வேண்டும், அது சனிக்கிழமைக்குள் ஆகாது. ஊதுகுழல் தானே செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதிலாகத் தன் முக்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரு. உன் கைய வச்சு நீயே பண்ணு. நான் பண்ணா நாளைக்கு அதுலயும் எச்சின்னு சொல்லுவ."

எதிரி மேசையில் உட்காருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. விளக்கு தப்பான பக்கம் இருந்தது. திருப்புளிகள் கையில் எட்டவில்லை. பின்னால் ஊதுகுழல் நின்றுகொண்டு ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு பேச்சுப் பேசினார். "மெல்ல, மெல்ல, அது உன் பொண்டாட்டி தங்கச்சியோட பொழப்பு." "அந்தப் பக்கம் இல்லய்யா, அந்தப் பக்கம்." விசாரணை பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தார். வலது பக்கம் மெல்லத் தெளிந்தது. அதைத் தெளியவைக்கத் தான் முன்பு முடுக்கியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டியிருந்தது. தன் வேலையைத் தானே பிரிக்கிற கசப்பு அவர் முகத்தில் ஒழுகியது.

முடித்துவிட்டு நீட்டினார். கொழுந்தியா வாங்கிப் பையில் போட்டுவிடவில்லை. முதலில் தன் கேமராவில் மாட்டி, நடையின் கடைசியில் இருந்த பெயர்ப்பலகையைப் படம் எடுத்தாள். பெரிசாக்கி ஓரம் ஓரமாகப் பார்த்தாள். பிறகு கழற்றி ஊதுகுழலின் கேமராவில் மாட்டிப் பார்த்தாள். பிறகு மறுபடி தன்னுடையதில். அவ்வளவு நேரமும் விசாரணை நின்றுகொண்டிருந்தார். அவர் கடைக்கு வருகிறவர்கள் நிற்கிற மாதிரியே நின்றார், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

"சரியா இருக்கு" என்றாள்.

"ம்."

"ம்-னா?"

"என் கேமரா கோணல்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு உதடு பிரியவில்லை. "நீ பொய் சொல்லல."

"என்கிட்ட மட்டும் சொன்னா எப்படி மாமா? அந்தக் கேமராவ வச்சு எத்தன பேரப் பொய்யன்னு சொல்லி வெரட்டி விட்டீங்களோ, அவங்க எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லுங்க. அவங்க லென்ஸ் எல்லாம் இன்னும் கோணலாத்தான் இருக்கு. அதச் செய்யிற வரைக்கும் நான் இந்தக் கடைக்குத்தான் வருவேன்" என்று ஊதுகுழலின் பக்கம் காட்டிவிட்டுப் போனாள்.

ஊதுகுழல் அதற்குச் சிரித்தார். சிரித்தது போதாதென்று, "வாம்மா, வா. இங்க விசாரணையே கிடையாது" என்றார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் விசாரணை யாரையும் கூப்பிடவில்லை. ஊரில் உள்ளவனுக்கெல்லாம் போன் போட்டு நான்தான் தப்பு என்று சொல்ல அவருக்கு என்ன கிறுக்கா பிடித்திருக்கிறது? சொன்னால் ஒவ்வொருவனும் மாடியேறி வந்து மார்மேல் ஏறி மிதிப்பான். நல்லவனாக இருப்பதன் கஷ்டமே இதுதான், அதற்கு ஆள் கூட்டிக்கொண்டு அடி வாங்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவியின் போனுக்கு ஒரு படம் வந்தது. தங்கை அக்காவுக்குத்தான் அனுப்பியிருந்தாள், அவருக்கு அல்ல. முடிவுக் கோடு. வலது ஓரத்தில் நாடாவைத் தள்ளிக்கொண்டு ஓர் ஓட்டக்காரி. வாய் கோணி, கண்கள் பிதுங்கி, அவள் முன்பற்களில் ஒன்று லேசாக முறிந்திருப்பதுகூடத் தெரிந்தது. பத்திரிகையில் அடுத்த மாதத்துக்கும் படம் எடுக்கத் தங்கையையே போட்டிருக்கிறார்களாம்.

விசாரணை போனை வாங்கி, வலது மூலையைப் பெரிசாக்கினார். பிறகு இடது மூலை. அதற்குப் பிறகு மேலே.

"இந்த மேல் மூலையில லேசா..."

"ஒண்ணும் இல்ல" என்று மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "உங்க போனக் கொடுங்க. கூப்பிடலாம்."

"யார?"

"நீங்க வெரட்டி விட்டவங்கள."

அவர் போனில் அந்த ஆட்கள் இருந்த லட்சணமே தனி. ஒருவருக்கும் பேர் கிடையாது. 'பச்சைச் சட்டை பொய்', 'கண்ணாடி போட்ட புளுகன்', 'மோட்டார் சைக்கிள் மறைச்சவன்' என்று பதிந்துவைத்திருந்தார். மனைவி ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பச்சைச் சட்டையை அழுத்தி, சத்தத்தை வெளியே வைத்தாள்.

"ஹலோ?"

விசாரணை தொண்டையைச் செருமினார். "கேமரா ரிப்பேர் கடையில இருந்து பேசறேன். உன் லென்ஸு விஷயமா. உன் கேமராவும் விழுந்துச்சு, மறைக்கறன்னு நான் அன்னிக்குச் சொன்னது..."

"அய்யோ, அண்ணே!" என்று அந்தப் பக்கம் கத்தியது. "உங்களுக்கு எப்படிண்ணே தெரிஞ்சுது? சத்தியமா அன்னிக்குச் சொல்ல பயமா இருந்துச்சு. கேமராவும் சேந்துதாண்ணே விழுந்துச்சு. மச்சான் கேமரா அது. அவருக்குத் தெரிஞ்சா கொன்னே போட்டுருவாரு, சொல்லிடாதீங்கண்ணே."

விசாரணையின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. பந்தயத்தில் ஜெயிச்சவள்கூட அப்படிச் சிரிக்கவில்லை.

"பாத்தியா?" என்று மனைவியிடம் கையை ஆட்டினார். "பாத்தியா! ஒருத்தனையாவது நம்ப முடியுதா? நான் சொன்னது..."

"அந்த ஆளு லென்ஸையும் உங்க கோணல் கேமராவுலதான நிமித்துனீங்க?"

சிரிப்பு பாதியில் நின்றது.

"கேமரா, லென்ஸு ரெண்டையும் கொண்டாரச் சொல்லுங்க" என்றாள்.

"ரெண்டையும் கொண்டா" என்று போனில் சொன்னார். "லென்ஸு என் தப்பு. கேமரா உன் தப்பு."

"அண்ணே, மச்சான்கிட்ட..."

"உன் மச்சான் எனக்குப் பங்காளியா? கொண்டாடா."

அடுத்தது மோட்டார் சைக்கிள் மறைச்சவன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்ததும் எதிர்முனை பேசவிடாமல் ஆரம்பித்தது.

"சார், நான் அன்னிக்கே சொன்னேன், கேமரா விழல. நீங்க என்னை அத்தன பேருக்கு முன்னால..."

"தெரியும்" என்றார் விசாரணை.

"என்ன தெரியும்?"

"விழலன்னு தெரியும். என் கேமராதான் கோணல். லென்ஸ கொண்டுவாங்க, சரிபண்ணித் தரேன். கூலி வேணாம்."

அந்தப் பக்கம் போனைக் காதில் இருந்து எடுத்து நம்பரை ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.

"யாரு பேசறது?"

"நான்தான். கடைக்காரன்."

"இல்ல, நிசமா யாரு?"

"யோவ், நான்தான்யா!"

"கூலி இல்லாம, மரியாதையா, நீங்க? இதுல ஏதோ வேல இருக்கு சார். என் லென்ஸ வாங்கிட்டு வேற எதையாவது மாத்தி வச்சிருவீங்க. ஆள விடுங்க." போன் அணைந்தது.

விசாரணை கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊதுகுழல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

"நம்ப மாட்டேங்கறான்" என்றார் விசாரணை. "உள்ளதச் சொன்னா நம்ப மாட்டேங்கறான். என்ன ஜென்மம் இவன்?"

"மறுபடி போடுங்க" என்றாள் மனைவி. "நம்புற வரைக்கும் போடுங்க."